அப்பாவுக்கு ஒரு முழு கிளாஸ் ஐஸ் டீ

எங்கள் ஊரில் டீ ஆறிவிட்டால் அதற்கு இரண்டே கதிதான். ஒன்று, திரும்ப அடுப்பில் ஏறும். இல்லையென்றால் மாட்டுத் தொட்டியில் இறங்கும். அதை வேண்டுமென்றே ஆற வைத்து, பழத்தை அரிந்து போட்டு, ஐஸ் கட்டியும் போட்டுக் காசு கொடுத்து வாங்கிக் குடிக்கிறவர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள் என்று அப்பா முதன்முதலில் வந்து சொன்னபோது பெரியப்பா நம்பவில்லை.

"சும்மா அளக்காதடா. ஆறின டீயக் குடுத்தா நம்மூர்ல கிளாஸ மூஞ்சியிலயே வீசுவான்" என்றார்.

அப்பா சிரித்துக்கொண்டார். அந்த டீயைப் போடுவதுதான் அவருக்கு அங்கே வேலை.

காரிமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே போகிற ஊர் எங்களுடையது. மழை பெய்தால் ராகியும் கடலையும் விளையும். பெய்யாவிட்டால் ஆட்கள் பெங்களூருக்கு விளைவார்கள். அப்பா தன் பங்கு நிலத்தைப் பெரியப்பா கையில் விட்டுவிட்டு அப்படிப் போனவர்தான். ஒரு பெரிய காபிக் கடையில் பாத்திரம் கழுவச் சேர்ந்து, சில வருடங்களில் குளிர்ந்த பானங்கள் போடுகிற இடத்துக்கு வந்துவிட்டார். மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். வந்ததும் நான் அவர் கையை மோந்து பார்ப்பேன். எத்தனை சோப்பு போட்டாலும் போகாத ஒரு எலுமிச்சை, புதினா வாசனை அதில் இருக்கும். கொய்யா போட்டது, அன்னாசி போட்டது, ஆப்பிளும் பட்டையும் போட்டது என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு நாக்கு ஊறும். ஆனால் வந்த நாட்களில் ஒருமுறையாவது அதை வீட்டில் போட்டுக் காட்டினாரா என்றால் இல்லை. லீவில் வந்தும் அதே வேலையா என்பார். அடுத்த முறை பாப்பா, அடுத்த முறை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

அடுத்த முறை அவர் வந்தபோது முகமும் காலும் வீங்கியிருந்தன. நான் அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை என்று தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் ரத்தத்தை மெஷினில் விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். டயாலிசிஸ் என்ற சொல் எங்கள் தெருவில் யார் வாயிலும் நுழையவில்லை. மெஷினுக்குப் போகிறார், மெஷினிலிருந்து வந்துவிட்டார் என்றுதான் சொன்னார்கள், ஏதோ அவர் நெல் அரைக்கப் போய் வருகிற மாதிரி. பெரியப்பா தன் கிட்னியில் ஒன்றைத் தம்பிக்குக் கொடுக்கிறேன் என்று கிளம்பிப் போனார். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மாவின் ரத்தம் சேரவில்லை. அதற்கு மேல் கேட்க எங்களுக்கு ஆள் இல்லை.

மெஷினைவிடக் கொடுமையானது தண்ணீர். உடம்பிலிருந்து தண்ணீர் வெளியே போகாதவர் உள்ளே ஊற்றிக்கொள்ளக் கூடாது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். காலையில் ஒரு சிறிய பாட்டிலில் அன்றைக்கு உள்ள அளவுக்குத் தண்ணீர் பிடித்து வைத்துவிடுவாள். அப்பா எது குடித்தாலும் சரி, மாத்திரைக்கு ஒரு வாய் தண்ணீர், சோற்றுக்கு ஒரு கரண்டி ரசம், எதுவானாலும் அதே அளவு தண்ணீரை அந்தப் பாட்டிலிலிருந்து கொட்டிவிட வேண்டும். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. சித்திரை வெயிலில் பாட்டில் மத்தியானத்துக்குள் காலியாகிவிடும். அதற்குப் பிறகு அப்பா அந்தக் காலிப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

அம்மா கூலி வேலைக்குப் போகிற நேரங்களில் நான்தான் காவல். அந்த வேலையை நான் வெகு சிரத்தையாகச் செய்தேன். குளிக்கும்போது அப்பா வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டே நிற்பார். நான் பக்கத்தில் நின்று, "துப்புங்கப்பா" என்பேன். துப்புவார். வாயைத் திறந்து காட்டச் சொல்வேன். காட்டுவார். எங்கள் வீட்டில் என் பேச்சைக் கேட்டு நடந்த ஒரே ஆள் அந்த நாட்களில் அவர்தான். அவரைவிட எனக்குத்தான் அதில் பெருமை அதிகம்.

தாகம் தாங்கவில்லை என்று அவர் ஒருநாள் மெஷினில் படுத்துக்கொண்டு அழுதபோது, அங்கே இருந்த நர்ஸ் அக்கா ஐஸ் கட்டியைச் சப்பிப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். சின்னக் கட்டி கரைய வெகுநேரம் ஆகும். வாயும் நனையும், கணக்கும் மீறாது. வீட்டுக்கு வந்ததும் அப்பாவுக்கு அவருடைய தொழில் ஞாபகம் வந்துவிட்டது. வெறும் தண்ணீரை எதற்குக் கட்டியாக்க வேண்டும்? பெங்களூரிலிருந்து அவர் பழையதாக வாங்கி வந்த ஃபிரிட்ஜ் மூலையில் முனகிக்கொண்டிருந்தது. ஆப்பிளும் அன்னாசியும் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படித்தான் எங்கள் வீட்டில் ஐஸ் டீ நுழைந்தது, குடிப்பதற்கு அல்ல, சப்புவதற்கு.

அம்மாவுக்கு அது கைவரவே இல்லை. டீ என்றால் தூளைப் போட்டு, ரத்தச் சிவப்பாகக் கொதிக்க வைத்தே பழகிய கை. அப்பா கட்டிலில் படுத்தபடி சொல்வார்: "கொதி வந்ததும் அடுப்ப அணைச்சுடு. அப்புறந்தான் தூளு. மூடி வெச்சுட்டு, நெறம் எறங்கனதும் வடிச்சுடணும்." அம்மா எல்லாவற்றுக்கும் சரிங்க என்பாள். கடைசியில் மனசு கேட்காமல், பச்சை வாடை அடிக்கும் என்று சொல்லி இன்னொரு கொதி விட்டுவிடுவாள். டீ கசந்து போகும். சூடாகவே ஃபிரிட்ஜுக்குள் தள்ளுவாள். அது கலங்கிப் போய்க் குட்டைத் தண்ணீர் மாதிரி நிற்கும். போர்வெல் தண்ணீரில் போட்டால் மேலே ஏடு கட்டும், குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வருகிற நாளில்தான் போட வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்கவே கொஞ்ச காலம் ஆனது. முதல் தடவை செய்ததை ஒரு கட்டி வாயில் போட்டுப் பார்த்துவிட்டு அப்பா, "இத நம்ம மாடே திரும்பிப் பாக்காது" என்றார். அம்மா சிரித்தாள். அவள் சிரித்து நாங்கள் பார்த்து அப்போது பல மாதங்கள் ஆகியிருந்தன.

பிறகு ஒருவழியாகத் தேறினாள். மெல்லிதாகச் சீவிய ஆப்பிள் துண்டு ஒன்று, இல்லையென்றால் அன்னாசித் துணுக்கு ஒன்று, கட்டிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும்படி உறைய வைப்பாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தேன் நிறத்தில் இருக்கும். நாள் ஒன்றுக்குச் சில கட்டிகள்தான். அதற்கும் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொட்டப்படும். அப்பா ஒரு கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். மிச்சம் இருக்கிற டீயை எனக்கு ஒரு கிளாஸில் ஊற்றித் தருவார்கள். நான் அவர் எதிரில் உட்கார்ந்து சத்தம் வர உறிஞ்சிக் குடிப்பேன். அவர்தான் அப்படிக் குடிக்கச் சொல்வார். எப்படி இருக்கிறது, புளிப்பு போதுமா, தொண்டையில் இறங்கும்போது அன்னாசி தெரிகிறதா என்று விசாரிப்பார். வாடிக்கையாளரைக் கேட்கிற மாதிரிதான் கேட்பார். நான் குடித்து முடிக்கிறவரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"எனக்குச் சரியாவட்டும் பாப்பா. ஆளுக்கொரு பெரிய கிளாஸ். அளவும் கிடையாது, கணக்கும் கிடையாது" என்று சொல்லியிருந்தார்.

அதை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். கிட்னி என்றால் என்ன, ரத்தத்தில் என்ன கூடுகிறது, என்ன குறைகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அப்பா என்னோடு உட்கார்ந்து ஒரு முழு கிளாஸ் ஐஸ் டீ குடிக்கிற நாள்தான் அவருக்குச் சரியான நாள். அந்த ஒரு நாள் வந்தால் போதும் என்று நான் எல்லாச் சாமியையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வைகாசி பிறந்தது. எங்கள் பக்கத்தில் அது மாம்பழம் ஆளை விரட்டுகிற காலம். காரிமங்கலம் ரோட்டின் இரண்டு பக்கமும் மண்டிகளில் குவிந்து கிடக்கும். மாங்கூழ் ஆலைக்குப் போகிற லாரி வேகத்தடையில் ஏறி இறங்கினால் தெருவெல்லாம் காய் உருளும். அப்பாவுக்கு மாம்பழம் ஆகவே ஆகாது. அதில் இருக்கிற ஏதோ ஒன்று நெஞ்சைத் திடீரென்று நிறுத்திவிடும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அம்மா மாம்பழத்தை வாசலுக்குள்ளேயே விடவில்லை. நான் பெரியப்பா வீட்டில் தின்றுவிட்டு, கையையும் வாயையும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவேன். அப்படியும் அப்பாவுக்கு என்ன ரகம் என்பதுவரை தெரிந்துவிடும். "செந்தூரமா?" என்பார். இல்லவே இல்லை என்று சாதிப்பேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அந்த வைகாசியில் அப்பாவின் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மெஷினில் போட்ட கொஞ்ச நேரத்தில் பிரஷர் இறங்கிவிடுகிறது என்றார்கள். பாதியிலேயே நிறுத்தி அனுப்பினார்கள். கையில் ஊசி போடுகிற இடம் அடைத்துக்கொண்டது, வேறு இடத்தில் போட்டார்கள், அதுவும் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்தால் மூச்சு வாங்கும். படுக்க முடியாமல் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டிருப்பார். ஆனால் ஐஸ் கட்டியை மட்டும் மறக்காமல் கேட்பார்.

கடைசியாக மெஷினுக்குப் போன நாளன்று பள்ளிக்கூட லீவு என்பதால் என்னையும் கூட்டிப்போனார்கள். பெரியப்பாவும் வந்திருந்தார். அப்பாவை உள்ளே படுக்க வைத்திருந்தார்கள். நான் தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் வெளியே வந்து அம்மாவையும் பெரியப்பாவையும் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போய்ப் பேசினார். நல்ல மனிதர். மெதுவாகத்தான் பேசினார். நான் காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"இனிமே மெஷின் வேண்டாங்கம்மா, அவரு ஒடம்பு தாங்காது. வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. என்ன கேக்கறாரோ அதக் குடுங்க. தண்ணிக் கட்டுப்பாடெல்லாம் இனி எதுக்கு?"

நாங்கள் காரிமங்கலம் மலைக்கோயிலில் போய் வேண்டிக்கொண்டது இதைத்தான், இதே வரிசையில். மெஷின் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போகச் சொல்ல வேண்டும். கேட்டதைக் குடிக்கலாம் என்று சொல்ல வேண்டும். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொடுத்துவிட்டாரே என்று அந்த டாக்டரைக் கும்பிடத் தோன்றியது எனக்கு. உடம்பு தாங்காது என்று அவர் சொன்னதும் கேட்டது. உடம்பு சரியானவருக்கு மெஷின் எப்படித் தாங்கும்? காய்ச்சல் போன பிறகு மாத்திரை போட்டால் கெடுதல் என்று எங்கள் டீச்சரே சொல்லியிருக்கிறார்கள். அம்மா சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் அலைச்சல், கால் வலிக்கும்தானே என்று நினைத்தேன்.

ஊருக்குத் திரும்பப் பெரியப்பா ஒரு வேன் பேசினார். பஸ்ஸில்தான் எப்போதும் போவோம். வேன் பேசியதே எனக்குத் திருவிழா மாதிரி இருந்தது. அப்பா பின்சீட்டில் அம்மா தோளில் சாய்ந்துகொண்டு வந்தார். அவருக்குச் சொல்லிவிட்டார்களா, அவராகவே தெரிந்துகொண்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மாவிடம் அதைக் கேட்கிற தைரியம் எனக்கு வந்ததே இல்லை. கொஞ்ச தூரம் வந்ததும் அம்மா அவர் காதருகே குனிந்து கேட்டாள்.

"என்னங்க வேணும் உங்களுக்கு? சொல்லுங்க, எதுன்னாலும் செஞ்சு தாரேன்."

அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ரோட்டோரம் மண்டிகள் ஆரம்பித்துவிட்டன.

"ஐஸ் டீதான். மாம்பழம் போட்டு."

அம்மா டிரைவரிடம் வண்டியை நிறுத்தச் சொன்னாள். நானும் இறங்கி ஓடினேன். குவியலுக்குப் பின்னால் ஒரு அம்மா சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். என் அம்மா எதையும் விலை கேட்காமல் வாங்கி நான் பார்த்ததில்லை. அன்று பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்துப் பொறுக்கினாளே தவிர, பேரமே பேசவில்லை. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "எங்கப்பாவுக்குச் சரியாயிடுச்சு. இனிமே எது கேட்டாலும் குடுக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு" என்று அந்தப் பழக்காரம்மாவிடம் சொன்னேன். அவர் வேனுக்குள் ஒருமுறை பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு குவியலைக் கலைத்து உள்ளே கையை விட்டு நல்ல பழமாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டே இருந்தார். பை நிறைந்த பிறகும் நிறுத்தவில்லை.

ஊருக்கு வந்ததும் தெருவில் ஒரு வீடு பாக்கி விடாமல் சொல்லிவிட்டு வந்தேன். எதிர் வீட்டு அக்கா ராகி மாவைக் கரைத்துக்கொண்டிருந்தது. மாவுக் கையோடு நிமிர்ந்து, "கேக்கறத எல்லாம் குடுங்கன்னு டாக்டர் வாயால சொன்னாரா பாப்பா?" என்று கேட்டது. "ஆமாங்கா, என் காதாலயே கேட்டேன்" என்றேன். அக்கா கையைக்கூடக் கழுவாமல் புடவையில் துடைத்துக்கொண்டு என்னோடு கிளம்பி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அம்மா டீ போட்டாள். பெரிய பாத்திரத்தில் ஒகேனக்கல் தண்ணீர் வைத்து, கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, அதற்குப் பிறகு தூளைப் போட்டு மூடினாள். இன்னொரு கொதி விடவில்லை. கட்டிலிலிருந்து அப்பா ஒன்றுமே சொல்ல வேண்டியிருக்கவில்லை. வடித்து, சூடு இருக்கும்போதே சர்க்கரையைக் கலந்து, ஆறுகிறவரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மாம்பழத்தைத் தோல் சீவிக் கனமான துண்டுகளாகப் போட்டாள். எலுமிச்சை கொஞ்சம் பிழிந்தாள். பெரியப்பா தோட்டத்துப் புதினாவை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டிப் போட்டாள். அப்படித் தட்டினால்தான் வாசனை இறங்கும் என்று அப்பா சொல்லிச் சொல்லி அலுத்துப்போன விஷயம் அது. பழம் நன்றாக ஊறட்டும் என்று ஃபிரிட்ஜில் வைத்தார்கள். தண்ணீர் பாட்டிலை யாரும் நிரப்பி வைக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் வீட்டில் கூட்டம் சேர ஆரம்பித்தது. அரூரிலிருந்து அத்தை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள், தூக்குப் போசியில் நாட்டுக்கோழிக் குழம்போடு. அப்பாவுக்கு உப்பு உறைப்பாகக் குழம்பு கொடுத்து எத்தனை காலம் ஆயிற்று! ஒருவர் இளநீர் கொண்டுவந்தார். ஒருவர் பனங்கிழங்கை எங்கேயோ தேடிப்பிடித்து வந்தார். அப்பாவோடு படித்தவர் ஒருவர் பேப்பரில் சுற்றிய பாட்டிலைக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். அத்தை அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். வந்தவர்கள் எல்லோரும் குனிந்து, வேற என்ன வேணும், வேற என்ன வேணும் என்று கேட்டார்கள். போகிற மனுஷரை ஆசை தீராமல் அனுப்பக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பிற்பாடு நானும் எத்தனையோ வீடுகளுக்குப் பாத்திரத்தில் எதையாவது மூடி எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். அன்று எனக்கு அது தெரியாது. குணமாகிவிட்ட மனுஷரைப் பார்க்க வெறுங்கையோடு வரக் கூடாது என்று இவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

வந்தவர்களிடமெல்லாம் நான்தான் போய்ச் சொன்னேன், இனிமேல் மெஷின் கிடையாது, பள்ளிக்கூடம் திறக்கும்போது அப்பாதான் என்னைக் கொண்டுபோய் விடுவார் என்று. ஆமாம் சாமி, ஆமாம் கண்ணு என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பெரியவர்கள் என் பேச்சை இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. பெரியப்பா மட்டும் நான் பேசுகிற இடத்தில் நிற்காமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். அன்று அந்த மாட்டுக்கு எத்தனை முறை தண்ணீர் காட்டினார் என்று சொல்ல முடியாது.

மத்தியானம் அம்மா ஃபிரிட்ஜைத் திறந்தாள். டீயின் நிறமே மாறியிருந்தது. ஒரு பெரிய கிளாஸ் அப்பாவுக்கு, ஒரு பெரிய கிளாஸ் எனக்கு. இரண்டிலும் பழத்துண்டுகள் மிதந்தன. அத்தையும் பெரியப்பாவும் கட்டில் அருகில் வந்து நின்றார்கள். அம்மா அப்பாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து தாங்கிக்கொண்டாள். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்பா முதல் வாய் குடித்தார். வாயில் வைத்திருந்து விழுங்கினார். நான் வழக்கம்போல, துப்புங்கப்பா என்று சொல்ல வாயெடுத்து, இனி அந்த வேலை இல்லை என்று சிரித்துவிட்டேன். இரண்டாவது வாய் குடித்தார்.

"நல்லாப் போட்டிருக்க" என்று திரும்பாமலே அம்மாவிடம் சொன்னார். "இந்தக் கைக்குப் பெங்களூர்ல வேல கெடைக்கும்."

மூன்றாவது வாய் இறங்கவில்லை. இருமலோடு மேல்துண்டில் வழிந்தது. அத்தனை மாதங்கள் பாட்டிலையே பார்த்துக்கொண்டு கிடந்த மனுஷருக்கு, ஊற்றிக்கொள்ளலாம் என்று சொன்னபோது தாகம் எடுக்கவில்லை. இதற்கு யாரைப் பிடித்துச் சண்டை போடுவது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. கிளாஸ் கிட்டத்தட்ட நிறைந்தபடியே அவர் கையில் இருந்தது. அதை என் பக்கம் நீட்டினார்.

"நீயே குடி பாப்பா. எனக்கு வவுறு ரொம்பிடுச்சு."

ஆளுக்கொரு கிளாஸ் என்பதுதான் பேச்சு. ஆனாலும் அவருக்கு வயிறு நிறைந்துவிட்டது என்று கேட்பதற்கே எனக்கு ஆனந்தமாக இருந்தது. தாகமாக இருக்கிறது என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். என் கிளாஸையும் குடித்தேன், அவருடையதையும் குடித்தேன். அடியில் கிடந்த மாம்பழத் துண்டுகளை விரலால் எடுத்துத் தின்றேன். உலகத்தில் அதைவிட ருசியாக ஒன்று இருக்க முடியாது. அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குடித்து முடித்ததும் எனக்குத் திட்டம் பெருகிவிட்டது. இனி ஒன்றும் விலக்கு இல்லை என்று ஆனபிறகு ஆப்பிளோடும் அன்னாசியோடும் எதற்கு நின்றுகொண்டிருக்க வேண்டும்? கட்டில் மேல் ஏறி உட்கார்ந்து, நாளைக்கு என்ன பழம் போடலாம் என்று அப்பாவைக் கேட்டேன். நீயே சொல்லு என்றார். சப்போட்டா என்றேன். தலையை ஆட்டினார். அது தீர்ந்ததும் கொய்யா என்றேன். அதற்கும் ஆட்டினார். மாதுளை, திராட்சை என்று சந்தையில் பார்த்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஆட்டினார். கடைசியில் நாவல் பழம் என்றேன். டீயே ஊதா நிறமாக மாறிவிடும், நம் இரண்டு பேர் நாக்கும் ஊதாவாகிவிடும் என்றேன்.

"ஆனா நாவப்பழம் ஆடியிலதாம்பா வரும். அதுவரைக்கும் இருக்கணும் நீங்க. பெங்களூருக்குப் போயிடக் கூடாது."

"போவல" என்றார் அப்பா.

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அம்மா அவர் முதுகிலிருந்து மெல்ல விலகி, தலையணையை அண்டை கொடுத்துவிட்டு, எழுந்து அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. நேற்றுதான் பை நிறைய மாம்பழம் வாங்கியிருக்கிறாள். நான் பாட்டுக்கு மாதுளை, திராட்சை என்று அடுக்கிக்கொண்டே போனால் அவள் எதை வைத்து வாங்குவாள்? கதவுப் பக்கம் திரும்பி, அம்மா கவலைப்படாதே, நாவல் பழம் நாம் வாங்கவே வேண்டாம், எங்கள் பள்ளிக்கூடத்து மரத்தடியில் கொட்டிக் கிடக்கும், நானே பொறுக்கிக்கொண்டு வருவேன் என்று உரக்கச் சொன்னேன். கதவு திறக்கவில்லை. காதில் விழவில்லை போலிருக்கிறது என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன்.